பேய் சிரிக்கவே இல்லை

வெள்ளிக்கிழமை காலை அப்பாவு கண்ணாடி முன் நின்று மூன்றாவது சட்டையையும் கழற்றிப் போட்டார். பெண் பார்க்கப் போன அன்றுகூட அவர் இத்தனை சட்டை மாற்றவில்லை. அன்றைக்கு இருந்ததே ஒன்றுதான்.

இன்றைக்கு அப்படிப் போக முடியாது. முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு அனுசுயா மறுபடியும் ஒரு கொட்டகையில் சிரிக்கப் போகிறாள்.

அனுசுயா அவர் மனைவி. காலமாகி ஆறு வருடம் ஆகிறது. நடிகையெல்லாம் இல்லை. ஆனால் 'மதகடி மாளிகை' என்ற பழைய பேய்ப் படத்தில் மோகினி சிரிக்கும் சிரிப்பு அவளுடையது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் படப்பிடிப்பு. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்த அனுசுயா, தங்கை பொன்னியம்மாவோடு வேடிக்கை பார்க்கப் போனாள். கதாநாயகன் நெஞ்சை நிமிர்த்தி நடந்துவந்து எருமைச் சாணியில் வழுக்கி விழுந்தான். கூட்டம் மரியாதைக்கு வாயைப் பொத்திக்கொண்டது. அனுசுயா மட்டும் சிரித்துவிட்டாள். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. மோகினியாக நடித்தவளுக்கு எத்தனை முறை முயன்றும் வராத சிரிப்பு அது. அதையே எதிரொலி சேர்த்து, வேகத்தைக் குறைத்து, படத்தில் போட்டுவிட்டார்கள்.

இது பொன்னியம்மா சொன்ன கதை. அப்பாவு அன்றைக்கு ஆவடி தொழிற்சாலையில் பகல் ஷிஃப்டில் இருந்தார்.

அந்தச் சிரிப்பு செய்த சேதம் கொஞ்சநஞ்சமல்ல. பூந்தமல்லி கொட்டகையில் வேட்டியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடினவர்கள் உண்டு. மீசை வைத்த ஆண்கள் பெண்டாட்டி துணையில்லாமல் கொல்லைப் பக்கம் போக மறுத்ததில் ஊரில் குடும்ப ஒற்றுமை ஓங்கியது. திருவள்ளூர் வரைக்கும் எருமைகளுக்குப் பால் வற்றிப்போனது என்பார் அப்பாவு. கேட்பவர் நம்பாவிட்டால் திருத்தணி வரைக்கும் என்பார்.

ஒவ்வொரு வருடமும் அவள் நினைவு நாளில் படையல் போட்டு, கற்பூரம் காட்டி, அந்தக் காட்சியை டிவியில் ஓடவிடுவது அந்த வீட்டு வழக்கம். மற்ற வீடுகளில் காக்காவைக் கூவிக் கூப்பிடுவார்கள். இங்கே இருக்கிற காக்காவும் பறந்துவிடும். போன வருடம் மேல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், கற்பூர வாசனையோடு சேர்ந்து பேய்ச் சிரிப்பும் வருவதைக் கேட்டு, எலுமிச்சம்பழமும் வேப்பிலையுமாக ஒரு பூசாரியைக் கூட்டிவந்துவிட்டார்கள். பூசாரி அந்தப் படத்தைப் பார்த்தவர். விஷயம் தெரிந்ததும் உட்கார்ந்து நாலு வடை தின்றுவிட்டு, அனுசுயாவின் போட்டோவைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்.

இந்த வருடம் படம் இருந்த டிஸ்க் கெட்டுப்போய்விட்டது. மோகினி தலையைத் தூக்குவாள், வாயைத் திறப்பாள், படம் அப்படியே நின்றுவிடும். யூடியூபில் தேடினால் பாட்டு கிடைத்தது, சண்டை கிடைத்தது, பூனை ஓடுவது கிடைத்தது. சிரிப்பு கிடைக்கவில்லை.

அப்போதுதான் அதே படத்தை 'மதகடி' என்று புதிதாக எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. சாமியே இறங்கி வந்த மாதிரி அந்தப் படத்துக்கு ஒலி அமைக்கும் வேலை மகள் கவிப்பிரியாவுக்கே கிடைத்தது. வடபழனியில் ஒரு ஒலிக்கூடத்தில் அவளுக்கு உத்தியோகம்.

"அம்மா சிரிப்பு இருக்குல்ல?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "வேலை நடந்துட்டிருக்குப்பா" என்பாள். அப்பாவு அதையே 'இருக்கு' என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதோடு நிற்காமல் குடியிருப்பு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார்.

ஒரே ஒரு நெருடல். புதன்கிழமை வீராசாமி போன் பண்ணியிருந்தான். ஆவடி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரன். ஒரே செக்‌ஷன். வாயைத் திறக்கும் முன் தொண்டையைக் கனைக்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டான். மேனேஜரே அவனுக்கு 'க்ஹும்' என்று பேர் வைத்திருந்தார். ரிட்டயர் ஆனதும் சென்னீர்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு போனவன், அனுசுயா சாவுக்குத் தெருமுனை வரைக்கும் வந்து அப்படியே திரும்பிப் போய்விட்டான். அதற்கப்புறம் பேச்சே இல்லை. அப்படிப்பட்டவன் போனில் சொன்னது இவ்வளவுதான்:

"க்ஹும். அப்பாவு, அந்தப் படத்துக்குப் போவாத. சொன்னா கேளு."

வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டி, அப்பாவு நாலாவது சட்டையை மாட்டிக்கொண்டார்.

லிஃப்டில் இறங்கும்போது, "கதவு மூடுகிறது" என்றது பதிவு செய்த பெண் குரல்.

"சரிம்மா, மூடு" என்றார் அப்பாவு. பல நாட்களில் மத்தியானம் வரைக்கும் அவரிடம் பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

*

குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஜெகதீஷ் வேன் பிடித்திருந்தான். பருத்திப்பட்டிலிருந்து அம்பத்தூர் போய்ச் சேருவதற்குள் அப்பாவு கதையை இரண்டு தடவை முழுசாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது தடவை சாணி முழங்கால் ஆழத்துக்கு இருந்தது.

"ஆன்ட்டி சிரிப்பு எத்தன தடவ சார் வருது?" என்றான் ஜெகதீஷ்.

"பழைய படத்துல மூணு. இதுல என் பொண்ணு கையில இருக்கு. ஆறுக்குக் கொறையாது."

"எங்க வீட்ல விஜி இப்பவே விபூதி பூசிக்கிட்டா."

"பயப்படாதம்மா. முதல் தடவ மட்டும் கண்ண மூடிக்க. அப்புறம் பழகிடும். நான் இருபத்தேழு வருஷம் பழகலயா?"

வேனே சிரித்தது. அப்பாவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த இருபத்தேழு வருடத்தில் அவர் அந்தச் சிரிப்பை வீட்டுக்குள் கேட்டதே இல்லை என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் 'மோகினி ஆன்ட்டி' என்று கத்திக்கொண்டு ஓட ஆரம்பித்த பிறகு, சிரிப்பு வந்தால் அனுசுயா முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். தோள் மட்டும் குலுங்கும். சத்தம் வராது.

தியேட்டர் வாசலில் பொன்னியம்மா காத்திருந்தாள். குமணன்சாவடியில் இட்லிக் கடை. காலை வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கைப்பைக்குள் மசால்வடைப் பொட்டலத்தைப் புடவைக்கு அடியில் ஒளித்துவைத்து வந்திருந்தாள்.

"இன்னா மாமா, மாப்ள மாரி வந்துகீற."

"உங்கக்கா வர்றாளே."

வழக்கமாக இதற்கு நாலு பதில் வைத்திருப்பாள். இன்றைக்கு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னாமோ தல வலிக்குது மாமா. அப்டியே ஊட்டுக்குப் போய்டட்டா?"

"டிக்கெட் எடுத்தாச்சு. நீ அங்க இருந்தவ. சாணிய நேர்ல பாத்தவ. நீ இல்லாம எப்படி?" என்றவர், நினைவு வந்தவராக, "அந்த வீராசாமி போன் பண்ணான், பொன்னி. படத்துக்குப் போவாதங்கறான். அவனுக்கு ஏன் இந்த வேல?"

டிக்கெட்டுக்காக நீட்டிய அவள் கை அந்தரத்தில் நின்றது.

"பயித்தியம்," என்றாள். "உள்ள போலாம் வா."

*

படம் ஆரம்பித்தது.

குறை கண்டுபிடிக்கவேண்டும் என்றுதான் அப்பாவு உட்கார்ந்தார். பழசைத் தொட்டவன் உருப்படமாட்டான் என்பது அவர் கொள்கை. பழைய படத்தில் புகை போட்டார்கள் என்றால் முதல் வரிசைக்காரனுக்கு இருமல் வரும். மோகினியின் வெள்ளைப் புடவை ஒரு பர்லாங் நீளம். பூனை குறுக்கே ஓடினால் நாலு கோணத்தில் நாலு முறை ஓடும்.

இதில் மாளிகையே இல்லை. ஏரியைத் தூர்த்துப் பிளாட் போட்டுக் கட்டிய பதினாலு மாடிக் குடியிருப்பு. குழாயைத் திறந்தால் தண்ணீர் நின்று நின்று வருகிறது. லிஃப்டில் ஈரக் காலடி. மோகினி கண்ணில் படவே இல்லை. ஆனால் மேல் மாடியிலிருந்து ஒரு மாடியாகத் தண்ணீர் கசிந்து இறங்கிக்கொண்டே வருகிறது.

ஜெகதீஷ் பாப்கார்னைத் தின்ன மறந்து கையில் பிடித்துக்கொண்டிருந்தான். அவர்கள் குடியிருப்பும் அப்படிப்பட்ட இடத்தில்தான் நிற்கிறது.

'படம் நல்லாத்தான் இருக்கு' என்று அப்பாவு மனசுக்குள் ஒத்துக்கொண்டார். அது அவருக்குப் பெருமையாகவும் இருந்தது. நல்ல வீட்டில் பெண் கொடுத்த மாதிரி.

அந்தக் காட்சி வந்தது. கதாநாயகி மதகுக் கதவைத் திறக்கிறாள். இருட்டு. பழைய படத்தில் இங்கேதான்.

அப்பாவு நிமிர்ந்து உட்கார்ந்தார். பொன்னியம்மாவின் முழங்கையைத் தொட்டு, "இப்ப" என்றார்.

திரையில் எல்லாச் சத்தமும் நின்றது. தண்ணீர் சொட்டுவது நின்றது. காற்று நின்றது. தியேட்டர் ஏசியே நின்றுவிட்டதோ என்று தோன்றியது. முன்னூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும். ஒரு குழந்தை எச்சில் விழுங்கியது பத்து வரிசைக்குக் கேட்டது.

பிறகு கதாநாயகி மெல்லத் திரும்புகிறாள். அவள் பின்னால் நின்றது என்ன என்பதைச் சொன்னால் டிக்கெட் எடுத்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். தியேட்டர் ஒரே குரலில் அலறியது. விஜி ஜெகதீஷின் மடியில் இருந்தாள். பின் வரிசையில் ஒரு பெரிய மனிதர் "முருகா" என்று எழுந்து நின்றே விட்டார்.

அப்பாவு மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சிரிப்பு வரவில்லை.

இடைவேளையில் ஜெகதீஷ் குனிந்து, "சார், ஆன்ட்டி செகண்ட் ஆஃபா?" என்றான்.

"ஆமா. கடைசியில வெச்சிருப்பா" என்றார்.

கடைசியிலும் வரவில்லை. பேய் கோபப்பட்டது, அழுதது, தண்ணீராகிப் போனது. சிரிக்கவே இல்லை. சுற்றிலும் பயந்து, கட்டிப்பிடித்து, பயந்ததற்காக வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் நடுவில் அவர் ஒருவர் மட்டும் வேறு ஏதோ படத்துக்கு வந்தவர் போல் இருந்தார். முடிந்ததும் கைதட்டல். ஒலி வடிவமைப்பு என்று கவிப்பிரியாவின் பெயர் பெரிதாக வந்தபோது குடியிருப்புக்காரர்கள் விசில் அடித்தார்கள். அவரும் தட்டினார்.

"படம் சூப்பர் சார். பழசெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்காது" என்றான் ஜெகதீஷ். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "எனக்கு ஒரு இடத்துல கேட்ட மாதிரி இருந்துச்சு" என்றான்.

நல்ல பையன். பொய் சொல்லத் தெரியாத நல்ல பையன்.

*

கவிப்பிரியா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். மாடியில் சாப்பாட்டுக் கடைகள் இருந்த இடத்தில் வந்து எதிரே உட்கார்ந்தாள். பொன்னியம்மா வடைப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

"படம் எப்படிப்பா?"

"ஓடும். பிச்சிக்கிட்டு ஓடும்."

"அப்பா."

"என்ன அப்பா? மூணு மாசமா கேக்கறேன். இருக்கு, இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வேன் பிடிக்க விட்டிருப்பேனா?"

"சொன்னா நீங்க டைரக்டர் வீட்டுக்கே போய் உக்காந்திருப்பீங்க. அவருக்கு அந்தச் சிரிப்பு வேணும். போஸ்டர்லயே போடலாம்னாரு. நான்தான் வேணாம்னேன். அந்த இடத்துல ஒண்ணுமே இல்லாம விடுங்கன்னு சண்ட போட்டேன். வேலைய விட்டே போறேன்னு சொன்னேன். போட்டுப் பாத்துட்டு அப்புறம்தான் ஒத்துக்கிட்டாரு."

"ஏன்?"

"அம்மா என் முன்னாடி வாய்விட்டுச் சிரிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

அப்பாவு வடைப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"என் கல்யாணத்துல? தம்பி பாஸ் பண்ணப்போ? தோள் மட்டும் குலுங்கும். வாயில முந்தான. ஒரு தடவ சிரிச்சதுக்கு ஊரே சேந்து அவங்கள பேயாக்கிடுச்சு. செத்தும் விடல. வருஷா வருஷம் படையல் போட்டு நீங்க வேற. இப்ப நானும் என் கையால ஊர் பூரா தியேட்டர்ல அவங்கள பேயா அலையவிடணுமா?"

"எனக்கு அது பேய் இல்லடி" என்றார் அப்பாவு. குரல் அவருக்கே கேட்கவில்லை. "போட்டோவுல இருக்கா, பேச மாட்டேங்கறா. கனவுல வர்றா, திரும்பிக்கிட்டே நிக்கறா. அந்த ஒரு எடத்துலதான் அவ இருந்தா. எல்லாரும் அலறுவாங்க. நான் ஒருத்தன் மட்டும், வந்துட்டியான்னு நெனச்சுப்பேன்."

பொன்னியம்மா மூக்கை உறிஞ்சினாள். கவிப்பிரியா அப்பாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள்.

"இது உங்களுக்குன்னு வெச்சிருந்தேன். படத்தோட உரிமைய வாங்கினப்போ பழைய ஒலிச்சுருள் எல்லாம் சேந்து வந்துச்சு. எதிரொலி இல்ல, வேகம் கொறைக்கல. அன்னிக்கு எப்படிச் சிரிச்சாங்களோ அப்படியே. பேய் இல்லப்பா. அம்மா."

அவளே காதில் மாட்டிவிட்டாள்.

முதலில் காற்று. தூரத்தில் யாரோ அதட்டுகிறார்கள். பிறகு ஒரு சிரிப்பு. சின்னப் பெண் ஒருத்தி மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிறாள். நிறுத்தப் பார்த்து, முடியாமல், விக்கலோடு மறுபடி ஆரம்பிக்கிறாள்.

அப்பாவு முடியும்வரை கேட்டார். மறுபடி கேட்டார். நெற்றி சுருங்கியது.

"யாரும்மா இது?"

கவிப்பிரியாவின் முகம் விழுந்துவிட்டது. "அம்மாப்பா."

அவர் கண்ணை மூடித் தேடினார். கிணற்றுக்கடியிலிருந்து வருவது மாதிரி, நீளமாக, இழுத்து, அடங்கி எழும் அந்தச் சிரிப்புதான் அவருக்குத் தெரியும். அதற்குத்தான் ஆறு வருடம் படையல் போட்டார். இந்தப் பெண்ணை அவருக்குத் தெரியாது. ஒரு மெஷின் போட்ட எதிரொலியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார்.

"இன்னும் கொஞ்சம் கேளுங்க. முடியல அது. சிரிப்புக்கப்புறம்தான் விஷயமே."

மூன்றாவது முறை. சிரிப்பு ஓய்ந்தது. ஒரு நீண்ட மூச்சு. அந்த மூச்சை அவருக்குத் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காரும்போது விடுகிற மூச்சு. அப்புறம் தாழ்ந்த குரலில், சிரிப்பின் ஈரம் காயாமல்:

"வீட்ல சொல்லிடாதீங்க."

பக்கத்திலேயே ஓர் ஆணின் குரல்.

"க்ஹும். சொல்லமாட்டேன்."

அவ்வளவுதான். சுருள் முடிந்தது. யாரும் விழுந்த சத்தம் அதில் இல்லை. சாணியும் இல்லை.

கவிப்பிரியா முன்னால் சாய்ந்திருந்தாள். படத்துக்குக் கைதட்டல் வந்தபோதுகூட அவள் முகத்தில் இத்தனை வெளிச்சம் இல்லை.

"சுருள் பழசு, குரல் தேஞ்சிருக்கு. ஆனா அது நீங்கதானேப்பா? ஷிஃப்ட்ல இருந்தேன்னு இத்தன வருஷம் எங்கள ஏமாத்தியிருக்கீங்க. லீவு போட்டுட்டு, தாத்தாவுக்குத் தெரியாம, அம்மாவப் பாக்கப் போயிருக்கீங்க. அவங்கள சிரிக்க வெச்சதே நீங்கதான். நானும் அப்ப வயித்துல. மூணு பேரும் அதுல இருக்கோம்ப்பா. எத்தன தடவ கேட்டு அழுதேன் தெரியுமா?"

அப்பாவு பொன்னியம்மாவைப் பார்த்தார். அவள் வடைப் பொட்டலத்தை நூல் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டியதை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். தலை நிமிரவே இல்லை.

மகளின் முகம் காத்துக்கொண்டிருந்தது.

"நான்தாம்மா" என்றார் அப்பாவு.

"எனக்குத் தெரியும்" என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டாள் கவிப்பிரியா.

அதை அவருடைய போனுக்கு அனுப்பிவிட்டு அவள் ஒலிக்கூடத்துக்குக் கிளம்பினாள். கீழே வேன் ஹாரன் அடித்தது. அப்பாவு ஜெகதீஷைப் போகச் சொன்னார். எழுந்தபோது பொன்னியம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊட்டுக்குப் போ மாமா. நல்லாகீறவனுக்கு இன்னாத்துக்கு இது?"

"சாணி இருந்துச்சா பொன்னி?"

அவள் கையை விட்டுவிட்டாள்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. பூந்தமல்லி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டார். இந்த முறை சிரிப்பைக் கேட்கவில்லை. அது எப்போது முடியும் என்று காத்திருந்தார். சிரிப்பு ஓய்ந்தது. மூச்சு வந்தது. அதற்கப்புறம் வருவதற்குள் நிறுத்திவிட்டார்.

கண்டக்டர் வந்து நின்றார்.

"எங்க சார்?"

"சென்னீர்குப்பம்."

"எத்தன பேரு?"

அப்பாவு பக்கத்து இருக்கையைப் பார்த்தார்.

"ஒருத்தன்தான்" என்றார்.